நிரலுக்குத் துணை வரும் பொதிகள்

க.பொ.த. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்துக்கொண்ட ஒரு மாணவி, அவள் கொழும்பிலே படித்தாலும் நுவரெலியா மாவட்டத்துப் பூண்டுலோயாவிலே படித்தாலும், பைத்தன் என்னும் நிரல்மொழியைக் கற்கவேண்டும் என்பது இலங்கையின் பாடத்திட்டம் வகுத்திருக்கும் நியதி. 1991இல் நெதர்லாந்து தேசத்தவரான கைடோ வான் ரொசம் வெளியிட்ட அந்த மொழி, இன்று டன்சினன் தோட்டத்து லயங்களிலிருந்தும், ஷீன் தோட்டத்து மலைச்சரிவுகளிலிருந்தும், இந்திய வீட்டுத் திட்டத்தில் எழுந்த புது வீடுகளிலிருந்தும் பள்ளிக்கூடம் வருகிற பிள்ளைகளுக்குப் பரீட்சை வினாவாகவும், அவர்களில் அநேகருக்கு எதிர்கால ஜீவனோபாயத்தைப் பற்றிய நம்பிக்கையாகவும் ஆகியிருக்கிறது. ஆனால் வகுப்பறையில் பிரதானமாகக் கற்பிக்கப்படுவது மொழியின் இலக்கணம். அதைக் கற்று முடித்தவர் உருப்படியான ஒரு காரியத்தைச் செய்ய முற்படும்போது, பிறர் எழுதிவைத்த நிரல்களை எங்கிருந்து எடுப்பது, எப்படி எடுப்பது, எந்த அளவுக்கு நம்பி எடுப்பது என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் கேள்விக்கு விடையாக ஏற்பட்ட கருவிகளைப் பற்றியும், அவற்றுள் எது உத்தமம் என்று நிரலாளர் பல வருஷங்களாக நடத்திவரும் வாதத்தைப் பற்றியுமே இங்கே எழுதப்போகிறேன்.

ஊர்ப் பெயரையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ‘பூண்டுலோயா’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று முதலாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால், பூ, ண், டு, லோ, யா என்று விரலை மடக்கி 5 என்று சொல்லிவிடும். அதே சொல்லின் நீளத்தைப் பைத்தனிடம் கேட்டால் 10 என்று விடை வரும். யூனிகோட் முறையிலே ப, ண, ட, ல, ய ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொரு குறியீடும், அவற்றோடு சேரும் கொம்பு, புள்ளி, கால் முதலியவற்றுக்குத் தனித்தனியே ஒவ்வொரு குறியீடும் வகுக்கப்பட்டிருப்பதால், யந்திரம் அந்தக் குறியீடுகளை எண்ணி விடை சொல்கிறது. தமிழில் சொற்பிழை திருத்தி செய்ய விரும்புகிறவருக்கும், குறுக்கெழுத்துப் போட்டி செய்ய விரும்புகிறவருக்கும் இந்தக் கணக்கு பிரயோஜனப்படாது. அதற்காக ஒவ்வொருவரும் தமிழ் எழுத்தைப் பிரிக்கும் நிரலைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் ‘எழில்’ மொழியை ஆக்கிய முத்து அண்ணாமலையும் அவருடன் சேர்ந்த வேறு சிலரும் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பொதியாக அதை எழுதி, யாரும் இலவசமாக எடுத்தாளும்படி பொதுவிலே வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு கட்டளையிட்டால் அது வந்து இறங்குகிறது. பின்னர் அதே ஊர்ப் பெயரைக் கொடுத்தால் ஐந்து எழுத்தாகப் பிரித்துத் தருகிறது.

அந்த ஒரு கட்டளைக்குப் பின்னால் நடக்கிற வேலை மிகப் பெரியது. நாம் வேண்டிய பொதியை எழுதியவர் தாமும் வேறு சிலருடைய பொதிகளின் உதவியைக் கொண்டு எழுதியிருக்கக்கூடும். அந்தச் சிலரும் இன்னும் சிலரை நம்பியிருக்கக்கூடும். சார்பு என்று நிரலாளர் சொல்வது இந்தத் தொடர்ச்சியைத்தான். நாம் பெயர் சொல்லிக் கேட்டது ஒரு பொதியாயிருக்க, வந்து சேருவது முப்பதாகவோ நாற்பதாகவோ இருப்பது சர்வசாதாரணம். அவை ஒவ்வொன்றுக்கும் பல பதிப்புகள் உண்டு. ஒன்றின் புதிய பதிப்பு மற்றொன்றின் பழைய பதிப்போடு ஒத்துப்போகாமல் இருப்பதும் உண்டு. எல்லாம் ஒன்றோடொன்று இசையும்படியான பதிப்புகளைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது, கணித சாஸ்திரத்தில் மிகக் கடினமானவை என்று வகுக்கப்பட்ட பிரச்சினைகளுள் ஒன்று. இதைச் செய்வதற்கென்றே தனிக் கருவி வேண்டியிருக்கிறது.

பைத்தனுக்கு இந்தக் கருவி பிறவியிலேயே அமைந்ததல்ல. மொழி வெளிவந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்ற பிறகு, 2003இலேதான் பை-பி-ஐ என்று அழைக்கப்படும் பொதுக் களஞ்சியம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டில் வந்த ‘ஈசி இன்ஸ்டால்’ என்ற கருவிக்குப் பொதியைக் கொண்டுவந்து நிறுவத் தெரிந்ததேயன்றி, வேண்டாதபோது அதை நீக்கத் தெரியாது. 2008இல் இயன் பிக்கிங் என்பவர் இந்தக் குறைகளை நீக்கி ஆக்கியதே இன்றளவும் பைத்தன் உலகெங்கும் வழங்கும் ‘பிப்’. 2014இல் வெளிவந்த 3.4 ஆம் பதிப்பு முதற்கொண்டு அது மொழியுடனேயே கூட வருகிறது. இருந்தும், முரண்படும் பதிப்புகளை முறையாக ஆராய்ந்து இசைவு காணும் ஆற்றல் பிப்புக்கு 2020ஆம் ஆண்டின் கடைசியிலேதான் முழுமையாக வந்தது. அதுவரைக்கும், முதலில் கண்ட நிபந்தனைக்கு ஏற்ற பதிப்பை அது எடுத்துக்கொண்டு போய்விடும், பின்னால் வேறொரு பொதி அதோடு பிணங்கினால் அந்தப் பிணக்கு நிரல் ஓடும்போது வெளிப்படும்.

பிணக்கு என்றால் எப்படிப்பட்டது என்பதை 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் உலகமே கண்டது. எண்களை வரிசை வரிசையாக வைத்துக் கணக்கிடும் ‘நம்பை’ என்ற பொதி, விஞ்ஞானக் கணிப்பீடு செய்யும் பைத்தன் நிரல்களில் பெரும்பாலானவற்றுக்கு அஸ்திவாரம் போன்றது. 2006க்குப் பிறகு முதன்முறையாக அதன் பிரதான எண் மாறி, இரண்டாம் பதிப்பு வெளியாயிற்று. பழைய பதிப்புக்கென்று ஆயத்தம் செய்யப்பட்டிருந்த எத்தனையோ பொதிகள் புதியதோடு சேர்ந்து இயங்க மறுத்தன. நேற்று ஓடிய நிரல், அதில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றாதிருக்க, இன்று புதிதாக நிறுவிப் பார்த்தபோது ஓடவில்லை. ‘நம்பை, ஆனால் இரண்டுக்குக் கீழ்ப்பட்டது’ என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். ‘நம்பை’ என்று மட்டும் எழுதியவர்கள் அவதிப்பட்டார்கள். அந்த மாற்றம் அறிவிக்கப்படாமல் நடந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. நம்பையைப் பரிபாலிப்பவர்கள் வெகு நாட்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கையைப் படிக்காதவருடைய நிரலையும் காப்பாற்றித் தருவதே பொதி மேலாண்மைக் கருவியின் கடமை என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் கடமையை நிறைவேற்றும் உபாயம் லாக் கோப்பு. தேயிலைப் பேக்டரியிலிருந்து கொழும்பு ஏலத்துக்குப் போகும் மூட்டையின் மேல் தோட்டத்தின் மார்க், தரம், இன்வொயிஸ் இலக்கம், நிறை என்று எல்லாம் எழுதப்பட்டிருக்க, வாங்குகிறவர் தாம் மாதிரி சுவைத்த அதே தேயிலையே கையில் வந்து சேர்ந்தது என்று நிச்சயம் செய்துகொள்வது போல, லாக் கோப்பிலும் ஒவ்வொரு பொதியின் பெயரும், துல்லியமான பதிப்பெண்ணும், அது வந்த இடமும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணித்தெடுத்த 64 எழுத்துள்ள ஒரு முத்திரையும் பதியப்படுகின்றன. பொதிக்குள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் அந்த முத்திரை முற்றிலும் வேறாகிவிடும். கருவி உடனே நிறுவ மறுத்துவிடும். நிரலாளர் தம் கையால் எழுதுகிற கோப்பு ஒன்று, அதில் ‘எனக்கு ஓப்பன்-தமிழ் வேண்டும்’ என்பது போன்ற நான்கைந்து வரிகளே இருக்கும். கருவி தானாக எழுதுகிற லாக் கோப்பு மற்றொன்று, அது நூற்றுக்கணக்கான வரிகளாக நீளும். இரண்டையும் நிரலுடன் சேர்த்துப் பேணி வைத்தால், இன்று பூண்டுலோயாவில் ஓடியது மூன்று வருஷம் கழித்துத் தலவாக்கலையிலோ டொரன்டோவிலோ அதே பொதிகளைக் கொண்டு அப்படியே எழுந்து ஓடும்.

பிப் தன் இயல்பிலே இப்படிப்பட்ட கோப்பை எழுதிக்கொடுக்கவில்லை. அந்தக் குறையே மற்றக் கருவிகள் ஒவ்வொன்றாகத் தோன்றுவதற்குக் காரணமாயிற்று. 2017இல் ‘பிப்என்வ்’ வந்தது. 2018இல் ‘போயட்ரி’ வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 2012இல், ‘கொண்டா’ வந்திருந்தது. சி, ஃபோர்ட்ரான் முதலிய மொழிகளில் எழுதப்பட்ட விஞ்ஞான நூலகங்களைச் சாதாரணக் கணினியில் நிறுவுவது அக்காலத்தில் பெரும் சிரமமாயிருந்ததால், பைத்தனுக்கு அப்பாற்பட்ட பொருள்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பதே அதன் நோக்கம். ஆராய்ச்சியாளருக்கு அது இன்னும் உபகாரமானது. மாணவருக்கு அவ்வளவு அவசியமில்லை. அதன் பாரமும் அதிகம். பின்னர் 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் ‘யூவி’ வெளிவந்தது. ரஸ்ட் என்ற மொழியில் எழுதப்பட்ட இந்தக் கருவி பிப்பைக் காட்டிலும் பத்து முதல் நூறு மடங்கு வேகமானது என்று அதை ஆக்கிய அஸ்ட்ரல் நிறுவனத்தார் கூறுகிறார்கள். பைத்தனையே இறக்கித் தருவது, ஒரு வேலைக்குரிய பொதிகளை மற்றவற்றோடு கலவாமல் வைக்கும் தனிச் சூழல் அமைப்பது, பொதி நிறுவுவது, லாக் கோப்பு எழுதுவது ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒன்றே செய்துவிடுகிறது.

நிரலாளர் இவற்றை ஒப்பிட்டு விவாதிக்கும்போது வேகத்தைப் பற்றியே அதிகமாகப் பேசுகிறார்கள். வேகம் நல்லதுதான். ஆனால் அதைவிட ஆழமான ஒரு பேதம் இந்தக் கருவிகளுக்குள் இருக்கிறது. ஒரு பொதியைச் சேர்க்கும்படி போயட்ரியிடம் சொன்னால், அது கீழெல்லையோடு மேலெல்லையையும் எழுதி, அடுத்த பிரதான பதிப்பு வந்தால் ஏற்காதே என்று வேலி போடுகிறது. யூவியோ கீழெல்லையை மட்டும் எழுதிவிட்டு மேலே திறந்து விடுகிறது. நம்பை விஷயத்தை நினைத்துப் பார்ப்பவர் வேலி போடுவதே புத்தி என்று சொல்லக்கூடும். தாமே ஓட்டுவதற்கென எழுதும் நிரலுக்கு அது சரி. ஓப்பன்-தமிழைப் போலப் பிறர் எடுத்தாளுவதற்கென ஒரு பொதியை எழுதுகிறவர் காரணமின்றி மேலெல்லை விதித்தாரானால், அவரை நம்பியிருக்கிற பத்துப் பேரும் அந்த வேலிக்குள் அகப்பட்டுக்கொள்வார்கள். ஏனெனில் ஒரு பைத்தன் சூழலுக்குள் ஒரு பொதியின் ஒரே ஒரு பதிப்புத்தான் இருக்க இயலும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற மற்றொரு நிரல்மொழியிலே இரண்டு பதிப்புகள் அருகருகே குடியிருக்கலாம். பைத்தனில் அதற்கு இடமில்லை. ஆகவே, ஓட்டுவதற்கான நிரலை லாக் கோப்பால் இறுகக் கட்டவேண்டும், பிறருக்கென எழுதும் பொதியைக் கூடியமட்டும் திறந்து வைக்கவேண்டும். இந்த வித்தியாசத்தை மனத்தில் வாங்கிக்கொண்டவருக்கு எந்தக் கருவியைத் தந்தாலும் காரியம் நடக்கும்.

நம்பிக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம், அசர் கோச்சுலு என்ற நிரலாளர், ஒரு பெயரின் உரிமையைக் குறித்து எழுந்த தகராறில் மனம் வெறுத்து, ஜாவாஸ்கிரிப்டின் என்பிஎம் களஞ்சியத்திலிருந்த தம்முடைய பொதிகளை எல்லாம் நீக்கிவிட்டார். அவற்றுள் ஒன்று ‘லெஃப்ட்-பேட்’. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி சேர்ப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத 11 வரி நிரல். அந்தப் பதினொரு வரிகளின் மேல் நேராகவும் சுற்றியும் நின்றிருந்த ஆயிரக்கணக்கான நிரல்கள் ஒரே நாளில் நிலைகுலைந்தன. களஞ்சியத்தார் அதைத் தாமே மீட்டு வைத்தார்கள். நீக்கும் விதிகளையும் பின்னர் இறுக்கினார்கள். 2022 டிசம்பர் கடைசி வாரத்தில் பைத்தன் உலகில் நேர்ந்தது இதைவிடக் கொடியது. செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படும் பைடார்ச்சின் பரீட்சார்த்தப் பதிப்பு, ‘டார்ச்ட்ரைட்டன்’ என்ற துணைப் பொதியைத் தன் சொந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்து வந்தது. யாரோ ஒருவர் அதே பெயரில் ஒரு விஷப் பொதியைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிட்டார். பிப் இரு களஞ்சியங்களையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் வழக்கமுடையதாகையால், லினக்ஸ் கணினிகளில் அந்த நாட்களில் அதை நிறுவியவர்களுக்குப் போலியே வந்து இறங்கி, அவர்களுடைய அந்தரங்கக் கோப்புகளைக் களவாடிற்று. முதலில் கண்ட களஞ்சியத்தோடு தேடலை நிறுத்திக்கொள்ளும்படி யூவி அமைந்திருப்பதற்கு இப்படிப்பட்ட அபாயமே காரணம். வேகத்தை விட இந்த ஒரு குணத்துக்காகவே நான் அதை மெச்சுவேன்.

இலங்கையிலேயே பிறந்த ஒரு நிரல்மொழி இந்த விஷயத்தில் நமக்கு நல்ல பாடமாக இருக்கிறது. 2005இல் சஞ்சீவ வீரவர்ண முதலியோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற நிறுவனம், ‘பாலரினா’ என்ற மொழியை உருவாக்கி, 2019இல் அதன் முதலாம் பதிப்பையும் 2022இல் ‘ஸ்வான் லேக்’ என்ற பெரிய பதிப்பையும் வெளியிட்டது. எக்ஸ்எம்எல் துறையில் உலகப் பிரசித்தி பெற்ற ஜேம்ஸ் கிளார்க் அதன் வடிவமைப்பில் முக்கிய பங்கு கொண்டவர். வலையமைப்பில் ஒரு சேவை மற்றொன்றோடு பேசும் நிரல்களை எழுதுவதற்கென ஏற்பட்ட மொழி அது. பைத்தன் முப்பது வருஷமாகப் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் போல, பாலரினாவை ஆக்கியவர்கள் பொதி மேலாண்மையை மொழியின் அங்கமாகவே வைத்துவிட்டார்கள்: நிரலைத் தொகுப்பதும், சோதிப்பதும், பொதியைத் தருவிப்பதும், சொந்தப் பொதியைப் பாலரினா சென்ட்ரல் களஞ்சியத்தில் ஏற்றுவதும் ஒரே கருவியின் வேலை. சார்புகளின் துல்லியப் பதிப்புகள் தனிக் கோப்பொன்றில் தானாகவே பதியப்படுகின்றன; அந்தப் பதிவிலிருந்து இம்மியும் பிசகாதே என்று சொல்ல ‘ஸ்டிக்கி’ என்ற ஒரு குறிப்புச் சொல் போதும். ஏற்றிய பதிப்பை மாற்றவோ நீக்கவோ எழுதியவருக்கே அனுமதியில்லை என்பதும் அதன் விதி. எந்தக் கருவியைப் பாவிப்பது என்ற வாதமே பாலரினாவைக் கற்பவருக்கு எழுவதில்லை.

பைத்தனிலோ அந்தச் சௌகரியம் காலந்தாழ்த்தி வருகிறது. பிப்என்வ், போயட்ரி, யூவி மூன்றும் மூன்று விதமான லாக் கோப்புகளை எழுதிவந்தன. ஒன்றின் கோப்பு மற்றொன்றுக்குப் புரியாது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரு வடிவத்தைப் பைத்தன் சமூகத்தார் நீண்ட விவாதத்துக்குப் பின் 2025இல் அங்கீகரித்திருக்கிறார்கள். யூவி ஒரு தனியார் நிறுவனத்தின் ஆக்கம், நாளை அதன் போக்கு மாறினால் என்செய்வது என்று கவலைப்படுகிறவர்களுக்கும் இந்தப் பொது வடிவம் ஓர் ஆறுதல். யூவியின் மூலநிரலும் திறந்த உரிமத்திலேயே வெளியிடப்பட்டிருக்கிறது. ஆதலால், புதிதாகத் தொடங்குகிற மாணவர் முதலில் பிப்பையும், ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சூழல் அமைத்துக்கொள்ளும் முறையையும் கையாண்டு விஷயத்தை விளங்கிக்கொண்டு, அதன் பின் யூவிக்கு மாறுவதே சிறந்த வழி என்று தயங்காமல் சொல்வேன்.

மலையகத்துக்கு உரிய ஒரு சங்கடமும் இதில் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் தொலைபேசிச் சமிக்ஞையைத் தேடித் தோட்டத்துப் பிள்ளைகள் மலையுச்சிக்கு ஏறிய காட்சியை நாடறியும். இன்றும் பல வீடுகளில் இணையம் என்பது ரீலோட் போட்டு வாங்கும் டேட்டாவே. பைடார்ச்சை லினக்ஸ் கணினியில் வழமையான முறையில் நிறுவினால், அதனோடு வரும் துணைப் பொதிகளையும் சேர்த்து ஒரு ஜிகாபைட்டுக்கு மேல் இறங்கும். ஒரு மாணவிக்கு அது சில நாள் டேட்டாவை விழுங்கிவிடும் காரியம். பிப்பும் யூவியும் ஒருமுறை இறக்கியதைக் கணினியிலேயே சேமித்து வைத்துக்கொள்கின்றன என்பதால், அடுத்த வேலைக்கு அதே பதிப்பை மீண்டும் இறக்க வேண்டியதில்லை. யூவி அந்தச் சேமிப்பையே எல்லா வேலைகளுக்கும் பகிர்ந்துகொடுப்பதால் வன்தட்டிலும் இடம் மிஞ்சுகிறது. லாக் கோப்பு இருந்தால் பதிப்பு தற்செயலாக மாறி மறுபடி இறக்க நேருவதும் குறையும். நகரத்து நிரலாளர் கருவிகளை ஒப்பிடும்போது டேட்டாச் செலவை ஒரு பொருட்டாக எண்ணுவது அரிது. தோட்டப் பாடசாலைக்கு அதுவே முதற் கணக்கு.

இதற்குப் பரிகாரம் கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கிறது. வேண்டிய பொதிகளையும் அவற்றின் சார்புகளையும் நிறுவாமல் ஒரு கோப்புறையில் இறக்கி மட்டும் வைக்கும் வசதி பிப்பில் உண்டு. இணையமே இல்லாத கணினியில், அந்தக் கோப்புறையிலிருந்தே எடுத்து நிறுவும்படி சொல்லவும் முடியும். கொழும்பிலும் கண்டியிலும் வெளிநாட்டிலும் மென்பொருள் வேலையில் அமர்ந்திருக்கும் மலையகத்துப் பிள்ளைகள் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் ஊருக்கு வரும்போது, நம்பை, ஓப்பன்-தமிழ், படம் வரைவதற்கான மேட்பிளாட்லிப் போன்ற பொதிகளை ஒரு பென் டிரைவில் நிரப்பிக்கொண்டு வந்து, தாம் படித்த பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் ஒரு பிரதி வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இறக்குவதற்கு முன் அந்தப் பள்ளிக் கணினிகளில் இருப்பது விண்டோஸா லினக்ஸா என்பதையும், பைத்தனின் எந்தப் பதிப்பு என்பதையும் ஆசிரியரிடம் தவறாமல் விசாரித்துக்கொள்ளுங்கள். அவை பொருந்தாவிட்டால் கொண்டுவந்த பொதிகளில் பல அங்கே நிறுவப்படமாட்டா.